9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்: மூன்றாண்டுப் பயன்பாட்டில் கண்டவை

சிறு படகுகளின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டார்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் மோட்டார் ஓடும்போது எப்படி இருக்கிறது என்பதையே பேசுகின்றன. வேகம், பெட்ரோல் செலவு, சத்தம், எடை என்று வரிசையாக எழுதி மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறார்கள். இவையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதாம். ஆனால் ஒரே மோட்டாரை மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 300 மணி நேரம் ஓட்டிய பிறகு, எனக்கு நினைவில் நிற்பவை அது நின்றுபோன நேரங்கள்தாம். கரை கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாத தூரத்தில், ஆடிக்கொண்டிருக்கும் படகில், ஈரக் கையோடும் இரண்டே கருவிகளோடும் இதை மறுபடி ஓடவைக்க முடிகிறதா என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது 9.9 குதிரைத்திறன் கொண்ட, இரண்டு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டர் உள்ள வகை, கயிறிழுத்து ஸ்டார்ட் செய்வது, 20 அங்குலத் தண்டு. 14 அடி ஃபைபர் படகின் பின்பலகையில் பொருத்தி, 12 லிட்டர் தனி டேங்கோடு ஓட்டுகிறேன். உற்பத்தியாளரின் பெயரை எழுதவில்லை. இந்த அளவிலுள்ள கார்பரேட்டர் மோட்டார்களின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதாக மாறுவதில்லை. என் கைக்கு வந்த ஒரே ஒரு மோட்டாரின் குறையை வைத்து ஒரு நிறுவனத்தையே எடைபோடுவதும் முறையாகாது.

இதற்கு முன் என்னிடம் இருந்தது டூ ஸ்ட்ரோக். 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்து ஊற்றி ஓட்டுகிற, புகையும் இரைச்சலும் நிறைந்த, ஆனால் மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னே தெரிகிற மோட்டார். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு புதிதல்ல. ஹோண்டா தன் முதல் அவுட்போர்டு மோட்டாரான ஜி.பி.30ஐ 1964ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. ஆயினும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் படகு எஞ்சின்களின் புகைக்கு வரம்பு விதித்த பிறகுதான் சந்தை ஃபோர் ஸ்ட்ரோக்கின் பக்கம் முழுதாகச் சாய்ந்தது. 1909 முதல் அவுட்போர்டுகளுக்கு வழங்கிவந்த எவின்ரூட் என்ற பெயரில் 2020இல் டூ ஸ்ட்ரோக் உற்பத்தி நின்றபோது அந்தச் சாய்வு ஏறக்குறைய முடிந்துபோயிற்று. உலகின் பல கடற்கரைகளில் மீனவர்கள் இன்னும் டூ ஸ்ட்ரோக்கை விடாமல் வைத்திருப்பதைப் பழைமைப் பற்று என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது பற்று அல்ல, கணக்கு. உதிரிப்பாகம் குறைவு, நீரிலேயே கழற்றி மாட்டலாம்.

ஓடும்போது இந்த மோட்டாரைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு அதிகம் இல்லை. மெதுவான வேகத்தில் பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசலாம். முழு த்ராட்டிலில் (வேகப்பிடியை முழுதாகத் திறந்தால்) மணிக்கு நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் குடிக்கிறது. அதாவது நிரம்பிய டேங்க் மூன்று மணி நேரம் வரும். பாதி த்ராட்டிலில் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்று பிரித்தே நான் கிளம்புவதால் பெட்ரோல் தீர்ந்து நின்றதில்லை. எடை 40 கிலோவை ஒட்டியிருக்கிறது. தனியாளாகத் தூக்கி மாட்டுவது முதுகுக்கு நல்லதல்ல. கழற்றிக் கீழே வைக்கும்போது மோட்டாரில் குறியிட்டிருக்கும் பக்கமாகவே சாய்த்து வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, அடுத்த நாள் கயிறு அசையாது. டூ ஸ்ட்ரோக்கிலிருந்து வருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான், நானும் செய்தேன்.

முதல் நிறுத்தம் மோட்டாரின் குற்றமே அல்ல. புறப்பட்டுப் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, இருமி, நின்றது. மேல்மூடியைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போனவன், தற்செயலாகக் காலடியில் பார்த்தேன். பெட்ரோல் குழாயின் நடுவில் கையால் பிதுக்குவதற்கென்று ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறதல்லவா, அது உறிஞ்சிய பழத்தோல்போல் ஒட்டிக் கிடந்தது. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கிறேன். உள்ளே காற்று நுழைய வழியில்லாததால், எஞ்சின் இழுக்க இழுக்க டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரத்து நின்றுவிட்டது. திருகை இரண்டு சுற்றுத் திறந்ததும் டேங்க் ஒரு பெருமூச்சு விட்டது, குமிழ் உப்பியது, மோட்டார் இரண்டாம் இழுப்பில் ஓடியது.

அன்று கற்றுக்கொண்டதை இன்றுவரை ஒரு பரிசோதனையாகவே வைத்திருக்கிறேன். மோட்டார் நின்றவுடன் மேல்மூடியைத் தொடாமல் குமிழைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தட்டையாக ஒட்டியிருந்தால் அடைப்பு டேங்கின் பக்கம் இருக்கிறது. எவ்வளவு பிதுக்கினாலும் கெட்டியாகாமல் தொளதொளவென்றே இருந்தால், எங்கோ காற்று கசிகிறது, அல்லது டேங்க் காலி, அல்லது குழாயின் முனை சரியாகப் பூட்டவில்லை. கெட்டியாகி நின்றால் பெட்ரோல் எஞ்சின்வரை வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் கார்பரேட்டரையும் பிளக்கையும் சந்தேகிக்க வேண்டும். இந்த மோட்டாருடன் வந்த குமிழ் தடித்த ரப்பரில், கையுறை போட்ட கையாலும் உணரும்படி இருக்கிறது. நிறுவனத்துக்கு ஒரு பாராட்டு. குமிழின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்; ஆனால் குழாயைத் திருப்பி மாட்டிவிட்டு மோட்டாரைத் திட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது நிறுத்தத்தில்தான் இந்த மோட்டாரின் உண்மையான குணம் தெரிந்தது. இரண்டு மாதம் ஓட்டாமல் வைத்திருந்துவிட்டு, பழைய பெட்ரோலோடேயே கிளம்பினோம். சோக்கை இழுத்து மூன்று இழுப்பில் ஓடியது. முழு வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. திரும்பும் வழியில் வேகத்தைக் குறைத்தவுடன் நின்றது. மறுபடி ஓடவைத்தால் த்ராட்டிலைக் கூட்டினால் மட்டும் ஓடும், குறைத்தால் அணைந்துவிடும். நான்காம் முறை சுத்தமாக ஓட மறுத்தது. காற்று எங்களைக் கற்கள் கொட்டிய அலைத்தடுப்பை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. நான் மேல்மூடியின் கொக்கியில் கைவைத்தபடி குனிந்திருந்தேன். படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், “மாமா, கல்லுக்கிட்ட போயிட்டிருக்கோம், முதல்ல நங்கூரத்தப் போடவா?” என்று கேட்டான். படகைப் பற்றி நூறு பேருக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். மோட்டார் நின்றால் முதலில் நங்கூரம், பிறகுதான் மூடி என்பது அந்தப் பாடத்தின் முதல் வரி. ஐந்து நிமிடத்தை வீணாக்கியிருந்தேன். ஆறு மீட்டர் ஆழத்தில் 35 மீட்டர் கயிற்றை விட்டபிறகுதான் நங்கூரம் பிடித்து, படகு காற்றை நோக்கித் திரும்பி நின்றது.

அந்த இடைவெளியில் ஒரு படகு தள்ளிப் போயிற்று. நான் ஒரு கையை ஆட்டினேன். அவர்களும் சிரித்தபடி கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழுமாக உயர்த்தித் தாழ்த்துவதுதான் சர்வதேசக் கடற்பயண விதிகள் ஏற்றுக்கொண்ட ஆபத்துச் சைகை. வானொலிக் கருவி இருந்தால் வி.எச்.எப். 16ஆம் அலைவரிசை. இரண்டுமே தெரிந்திருந்தும், பதற்றத்தில் என் கை செய்தது வழியனுப்பும் சைகை.

இனி மோட்டாருக்கு வருகிறேன். குமிழ் கெட்டியாக இருந்தது. ஆகவே குற்றம் கார்பரேட்டரில். அதன் அடியில், பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு கிண்ணத்தை வடிப்பதற்கென்று ஒரு திருகு உண்டு. பழைய டூ ஸ்ட்ரோக்கில் அது நேராகக் கைக்கு எதிரே இருந்தது. இதில் அந்தத் திருகு கீழ்மூடியின் விளிம்புக்கும் த்ராட்டில் இணைப்புக் கம்பிக்கும் இடையே, உள்ளங்கை நுழையாத சந்தில் ஒளிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரைச் சாய்த்து நுழைத்தால்தான் எட்டும்; சாய்த்தால் முனை வழுக்குகிறது; படகு ஆடும் ஒவ்வொரு முறையும் மீண்டும் தேட வேண்டியிருக்கிறது. வெட்டிய பிளாஸ்டிக் புட்டியை அடியில் பிடித்துக்கொண்டு அக்கா மகன் நிற்க, ஆறாவது முயற்சியில் திருகு நெகிழ்ந்தது. வடிந்த பெட்ரோல் தேன் நிறத்தில் இருந்தது. புட்டியின் அடியில் கடுகளவில் நாலைந்து நீர்மணிகள், பெட்ரோலோடு ஒட்டாமல் உருண்டுகொண்டிருந்தன. குமிழைப் பிதுக்கிப் பிதுக்கி, தெளிந்த பெட்ரோல் வரும்வரை கழுவிவிட்டு, திருகை மூடி, படகின் அடியில் சிந்தியதைத் துடைத்து, ஆவி கலைவதற்குக் காத்திருந்து கயிற்றை இழுத்தோம். ஐந்தாம் இழுப்பில் ஓடியது. சிந்திய பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் என்பதால் அந்தக் காத்திருப்பில் மட்டும் நான் அவசரப்படுவதில்லை.

அப்போதும் குறைந்த வேகத்தில் நிற்கத்தான் செய்தது. கரையில் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெளிவாயிற்று. குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் ஜெட் என்ற சிறு குழலின் துளை முடி நுழையும் அளவே உள்ளது. கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய பிசின் அந்தத் துளையை முதலில் அடைக்கும். பெரிய ஜெட் திறந்திருப்பதால் முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் இதில் இன்னொரு தொல்லை சேர்க்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்தான். இப்போது ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் மோட்டாரிலிருந்து பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, மோட்டார் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். அதன்பிறகு இந்தக் குறை திரும்பவில்லை. ஆனாலும் அந்தத் திருகு இருக்கும் இடத்துக்காக வடிவமைத்தவரை நான் மன்னிக்கவில்லை. கரையில், தாங்கியில் நிறுத்திவைத்த மோட்டாரைப் பார்த்து வரைந்த வடிவம் அது. இதற்கு நேர்மாறாக, பெட்ரோல் வடிகட்டி தெளிந்த கிண்ணமாக முன்புறத்திலேயே இருக்கிறது. நீர் கலந்திருந்தால் மூடியைத் திறந்த கணமே தெரிகிறது. ஒரே மோட்டாரில் இவ்வளவு நல்ல யோசனையும் இவ்வளவு கெட்ட யோசனையும் எப்படிச் சேர்ந்தன என்பது எனக்கு வியப்பு.

குளிர்விக்கும் அமைப்பைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். மோட்டார் ஓடும்போது பின்புறத்துச் சிறு துளையிலிருந்து நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது மெலிந்தால் எஞ்சினுக்கு நீர் ஏறவில்லை. இந்த மோட்டாரில் அந்தத் தாரை திரும்பிப் பார்த்தவுடன் தெரியும் உயரத்தில், பளிச்சென்று விழுகிறது. ஒருமுறை மிதந்துவந்த பிளாஸ்டிக் பை உறிஞ்சுவாயைச் சுற்றிக்கொண்டபோது தாரை நின்றதைப் பார்த்த அரை நிமிடத்துக்குள் அணைத்துவிட்டேன். மோட்டாரைச் சாய்த்துப் பையை உரித்தெடுத்ததும் பழையபடி ஆயிற்று. அன்று பார்க்கத் தவறியிருந்தாலும், வெப்பம் மிஞ்சினால் சுழற்சியைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு இதில் உண்டு. இன்னொருமுறை தாரையே வரவில்லை. கலங்கிப்போய்ப் பார்த்தால், கரையில் கிடந்த நாட்களில் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நைலான் நரம்பை விட்டுக் குத்தியதில் தீர்ந்தது.

உள்ளே நீரை ஏற்றும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. நீரே அதற்கு மசகு. நீரின்றி ஓடவிட்டால் சில நொடிகளிலேயே தேயத் தொடங்கிவிடும். அதை மாற்றக் கீழ்ப்பகுதி முழுவதையும் இறக்க வேண்டும் என்பதால் நீரில் செய்ய முடியாது. எந்த நிறுவனத்தின் மோட்டாரிலும் இதே நிலைதான். என்னுடையதை மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் மாற்றியபோது இறகுகள் ஒரே பக்கமாக வளைந்து இறுகியிருந்தன. ஒன்றின் நுனி காணவில்லை. அந்தத் துண்டைத் தேடி எடுத்த பிறகே மூட வேண்டும்; விட்டால் அது மேலே ஏறி நீர்ப்பாதையை அடைக்கும். இன்னும் முன்பே மாற்றியிருந்தால் அந்தத் தேடல் மிச்சம்.

அடுத்து ஸ்டார்ட்டர் கயிறு. அது அறுந்ததற்காக நான் கோபப்படவில்லை. கயிறு தேயும், அறும். ஆனால் மோட்டாருடன் ஒரு சிறு கருவிப்பை தந்திருந்தார்கள். அதில் அவசரக் கயிறு, பிளக் ஸ்பேனர், இருமுனை ஸ்க்ரூடிரைவர் மூன்றும் இருந்தன. அவசரக் கயிற்றை எஞ்சினின் உச்சியில் சுழலும் கனத்த சக்கரமான பிளைவீலில் சுற்ற வேண்டுமென்றால் மேலிருக்கும் கயிற்றுச் சுருளைக் கழற்ற வேண்டும். அது மூன்று 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளில் நிற்கிறது. பையில் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் இல்லை! கயிறைத் தந்துவிட்டு அதைப் பயன்படுத்தும் வழியைத் தராத இந்தக் கஞ்சத்தனத்தை எந்த வார்த்தையால் சொல்வதென்று தெரியவில்லை. அன்று துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம். இரண்டு கிலோமீட்டர், எதிர் நீரோட்டம். பிறகு கரையில் ஒத்திகை பார்த்தேன். கயிற்றின் முடிச்சைப் பிளைவீலின் வெட்டில் மாட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் எளிதாகவே ஓடுகிறது. ஆனால் சுருளைக் கழற்றிவிட்டால் கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பும் போய்விடும். நியூட்ரலில் இருக்கிறதா என்று கையால் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓடத் தொடங்கிய பின் மூடியை மாட்ட முயலவும் கூடாது, சுழலும் பிளைவீலின் பக்கம் சட்டைக் கையும் போகக் கூடாது.

மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருந்ததைப் பார்க்காமல் பத்து நிமிடம் இழுத்து வியர்த்த கதையும் உண்டு. அதை விரித்து எழுத மனம் வரவில்லை. தனியாக இருப்பவர் நீரில் விழுந்தால் படகு அவரை விட்டுப் போகாமல் மோட்டாரை அணைப்பது அந்தக் கிளிப்தான். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளை வேகமாக ஓட்டும்போது இதை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. இந்த மோட்டாரில் கிளிப் சிவப்பாக, கழன்றால் தெரியும்படி இருக்கிறது. என் கண்தான் அன்று வேறெங்கோ இருந்தது.

பழுதுபார்ப்பு மையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் 20 மணி நேரத்துக்குப் பிறகு ஆயில் மாற்றவும், அதன்பின் 100 மணிக்கு ஒருமுறையும் அங்கேயே விட்டேன். வேலை சுத்தமாகத் தெரிந்தது. மோட்டாரைக் கழுவித் துடைத்துத் தந்தார்கள். இரண்டு மாதம் கழித்து நானே கியர் ஆயிலைப் பார்த்தபோது பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. கியர் பெட்டிக்குள் நீர் போயிருக்கிறது. வடிதிருகுகளின் வாஷர்களை மாற்றாமல் பழையவற்றையே நசுக்கி மாட்டியிருந்தார்கள். மிகச் சிறிய இரண்டு வளையங்கள். அவற்றால் கியர் துருப்பிடித்திருந்தால் கீழ்ப்பகுதியையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். நல்லவேளையாகப் பற்கள் தப்பின. இப்போது அந்த வேலையை நானே செய்கிறேன்: கீழ்த்துளை வழியாக ஆயிலை ஏற்றி, மேல்துளையில் காற்றுக்குமிழின்றி வழியும்போது முதலில் மேலேயும் பிறகு கீழேயும் மூடுகிறேன். ஒவ்வொரு கடல் பயணத்துக்குப் பிறகும் பத்து நிமிடம் நல்ல நீரில் ஓடவிடுவதால் உப்புத் தொல்லை இல்லை. அரிப்பைத் தாங்குவதற்கென்று வைத்திருக்கும் தியாக உலோகக் கட்டி மட்டும் பாதி கரைந்திருக்கிறது. அது கரைவதுதான் அதன் வேலை.

இதே அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வகைகளும் இப்போது கிடைக்கின்றன. பேட்டரி இல்லாமல் கயிறிழுத்தே ஓடும் இன்ஜெக்ஷன் மோட்டார்களைச் சுசுகி இந்தச் சிறு அளவுகளிலும் தருகிறது. சோக் கிடையாது, அடைபடும் கார்பரேட்டர் ஜெட் கிடையாது. பாதி நேரம் ஓடாமல் கிடக்கும் படகுக்கு அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் ஏதாவது நின்றுபோனால் நீரில் என்னால் செய்யக்கூடியது குறைவு. வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓட்டுகிறவர், கையில் கிரீஸ் படுவதற்குத் தயங்காதவர் என்றால் கார்பரேட்டர் வகையை இன்னும் சொல்வேன். என் மோட்டாரையே மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், வாங்குவேன். வாங்கிய அன்றே ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனரையும், கைப்பிடி குட்டையான ஸ்க்ரூடிரைவர் ஒன்றையும் நைலான் நரம்பில் கோத்து, மேல்மூடிக்குள்ளேயே பிளைவீல் எட்டாத மூலையில் இறுக்கிக் கட்டிவிடுவேன். இப்போது அப்படித்தான் கட்டியிருக்கிறேன். ஸ்பேனரில் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.